ஒட்டிய டைல் மீண்டும் கழன்றது ஏன்: ஒரு குளியலறைச் சுவரின் நிகழ்வு ஆய்வு

ஷவர் சுவரில் மிக்ஸர் குழாய்க்குக் கீழே இரண்டு டைல்கள் விழுந்திருந்தன. அதே இடத்தில் அதே டைல்கள் முந்தைய ஆண்டும் விழுந்தவை. அப்போது ஒரு கொத்தனார் வெள்ளை சிமெண்டைக் குழைத்து அப்பி ஒட்டிக்கொடுத்தார். ஓர் ஆண்டு தாங்கியது. இந்த முறை, விழுந்தவற்றைச் சுற்றியிருந்த ஐந்து டைல்கள் கையால் அழுத்தினாலே அசைந்தன. வீட்டின் உரிமையாளர், தன் வீட்டு வேலையைத் தானே செய்து பழகிய பெண்மணி, மகனுடன் சேர்ந்து இதையும் செய்துவிட முடிவெடுத்திருந்தார். என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: எந்தப் பசை நல்லது?

கட்டடப் பழுதுகளைப் பார்ப்பவன் என்ற முறையில் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. பசையைப் பற்றிக் கடைசியில் பேசலாம், சுவர் ஏன் கைவிட்டது என்பது முதலில் தெரியட்டும் என்றேன். இந்த வரிசை மாறினால் எவ்வளவு விலையுயர்ந்த பசையும் வீண் என்பதற்கு இந்தச் சுவரே சான்று. அதனால்தான் நடந்ததை விரிவாக எழுதுகிறேன்.

சுவரின் விவரம் இது. செங்கல் சுவர், அதன்மேல் சிமெண்ட் பூச்சு. மெருகிட்ட செராமிக் டைல்கள், 30×45 செ.மீ. அளவு, 8 மி.மீ. கனம். நிமிர்த்தி ஒட்டப்பட்டவை, வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசைகள். இடைவெளி 2 மி.மீ. ஒட்டி எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பரணில் ஒரு பெட்டியில் அதே டைல்கள் ஐந்து மிச்சம் இருந்தது பெரிய நல்வாய்ப்பு. வீடு கட்டும்போது மிஞ்சும் டைல்களைத் தூக்கிப் போடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு. சில ஆண்டுகள் கழித்து அதே நிறமும் அதே அளவும் கடையில் கிடைப்பது அரிது.

தட்டிப் பார்த்த வரைபடம்

சுத்தியலின் மரப்பிடியால் ஒவ்வொரு டைலையும் நான்கு மூலைகளிலும் நடுவிலும் தட்டினோம். நன்றாகப் பிடித்திருக்கும் டைல் குறுகிய, கெட்டியான ஒலி தரும். பின்னால் வெற்றிடம் இருந்தால் பொக்கென்று கேட்கும். பொக்கு ஒலி வந்த இடங்களில் எல்லாம் மகன் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டார். அசையும் டைல்களுக்குப் பெருக்கல் குறி.

முடிந்ததும் தள்ளி நின்று பார்த்தபோது வடிவம் தெளிவாகத் தெரிந்தது. ஷவர் சுவரில், ஏற்கெனவே விழுந்த இரண்டையும் சேர்த்து, மொத்தம் பதினொரு டைல்களில் குறி விழுந்திருந்தது. மிக்ஸர் பொருத்தியிருந்த வரிசையில் இரண்டு. அதற்குக் கீழ் வரிசையில் நான்கு. தரையை ஒட்டிய வரிசையில் ஐந்தும். மிக்ஸருக்கு மேலே இருந்த இரண்டு வரிசைகளில் ஒரு குறியும் இல்லை. மேலே குறுகிக் கீழே போகப்போக அகலும் இந்த வடிவம், தண்ணீர் மேலிருந்து சுவருக்குள் இறங்கும்போது உண்டாவது. தரையில் இருந்து ஓதம் ஏறியிருந்தால் அடிவரிசை முழுவதும் ஏறத்தாழ ஒரே உயரத்துக்குப் பாதிக்கப்பட்டிருக்கும்.

எதிர்ச் சுவரையும் தட்டச் சொன்னேன். அங்கே எந்தப் புகாரும் இல்லையே என்றார் உரிமையாளர். புகார் இல்லாத சுவரைத் தட்டிப் பார்த்ததுதான் பிறகு இந்த ஆய்வின் திறவுகோல் ஆனது. அங்கே ஒன்பது டைல்கள் பொக்கென்று ஒலித்தன. ஆனால் ஒன்றுகூட அசையவில்லை. டைல்களுக்கு நடுவே நிரப்பும் இடைவெளிக் கலவையில் (கிரவுட்) விரிசல் இல்லை. குறிகள் எந்த வடிவமும் இல்லாமல் சிதறிக் கிடந்தன.

டைலின் முதுகு சொன்னது

விழுந்த டைல்களைக் கழுவிவிடக் கூடாது. அவற்றின் முதுகும் சுவரில் தெரியும் குழியும் சேர்ந்துதான் பழுதின் காரணத்தைக் காட்டும். பார்க்க வேண்டியது, பிரிவு எந்த அடுக்கில் நடந்தது என்பது. ஒட்டுக்கலவை முழுவதும் சுவரிலேயே தங்கி, டைலின் முதுகு சுத்தமாக இருந்தால், கலவை டைலைப் பிடிக்கவே இல்லை. கலவை காய்ந்து ஆடை படிந்த பிறகு டைலை வைத்திருப்பார்கள், அல்லது முதுகில் தூசி இருந்திருக்கும், அல்லது நீரை உறிஞ்சாத விட்ரிஃபைடு டைலை வெறும் சிமெண்ட் பாலில் ஒட்டியிருப்பார்கள். கலவை டைலோடு வந்து, சுவர் வழவழப்பாகத் தெரிந்தால் குறை சுவரின் மேற்பரப்பில்: பெயிண்ட், பட்டி, தூசி. டைலோடு கலவையும் அதோடு பூச்சும் பெயர்ந்து வந்தால் பூச்சே வலுவிழந்திருக்கிறது. டைலைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

பூச்சு ஜிப்சத்தால் ஆனதா என்றும் பார்த்தாக வேண்டும். ஜிப்சத்தின் மேல் நேரடியாகச் சிமெண்ட் கலவையைப் பூசி, அந்த இடம் ஈரமாகவே இருந்தால், ஜிப்சத்தில் உள்ள சல்பேட் சிமெண்டில் உள்ள அலுமினேட்டுடன் வினைபுரிந்து எட்ரிங்கைட் என்னும் படிகம் உருவாகும். அது வளரும்போது பருமன் கூடி இரண்டு அடுக்குகளையும் தள்ளிப் பிரித்துவிடும். பல டைல்கள் பலகைபோல ஒன்றாகப் பெயர்ந்து விழுவதற்கு இது ஒரு காரணம். இந்தச் சுவரில் பூச்சு சிமெண்டும் மணலுமாக இருந்ததால் அந்த ஐயம் நீங்கியது.

இங்கே முதுகில் கண்டவை இரண்டு. முதலாவது, கலவை டைல் முழுவதும் பரவியிருக்கவில்லை. நான்கு மூலைகளிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாக வைத்து அழுத்தியிருந்தார்கள். பிடித்திருந்த பரப்பு பாதிகூட இல்லை. ஈரம் படும் இடங்களில் டைலின் முதுகில் 95 சதவீதமாவது ஒட்டுக்கலவை படிந்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தர விதிகளில் உள்ள அளவு. உலர்ந்த உட்பகுதிகளுக்கே 80 சதவீதம். உருண்டை வைத்து ஒட்டினால் சுவரின் மேடு பள்ளத்தைச் சரிசெய்வது சுலபம், வேலை விரைவில் முடியும். ஆனால் உருண்டைகளுக்கு இடையே உள்ள வெற்றிடங்கள் ஒன்றோடொன்று இணைந்து, உள்ளே போகும் தண்ணீருக்கு வாய்க்கால் ஆகிவிடும்.

இரண்டாவது, அடி வரிசைகளில் உருண்டைகளோடு பூச்சின் மேல்தோலும் பெயர்ந்து வந்திருந்தது. பூச்சை ஆணியால் கீறியபோது ஈர மணலாக உதிர்ந்தது. ஓரங்களில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. தண்ணீர் பூச்சுக்குள் ஊறி, அதில் உள்ள உப்பைக் கரைத்து, வெளியே வந்து உலரும்போது விட்டுச்செல்லும் படிவு அது. ஒரு நாள் தெறித்த தண்ணீரால் அப்படி ஆகாது. நெடுங்காலம் நனைந்து காய்ந்து நனைந்திருக்க வேண்டும்.

முந்தைய ஆண்டு மறுபடி ஒட்டிய இரண்டு டைல்களில் வெள்ளை சிமெண்ட் ஒரு கெட்டித் தட்டாக, பழைய உருண்டைகளின் முகத்தில் இருந்து அலுங்காமல் கழன்றிருந்தது. தனி வெள்ளை சிமெண்டில் மணலும் இல்லை, பிடிமானமும் நெகிழ்வும் தரும் பாலிமரும் இல்லை. காயும்போது சுருங்கும், வளையாது. பழைய உருண்டைகளில் படிந்திருந்த தூசியும் ஈரமும் அப்படியே இருக்க, அவற்றின்மேல் அதை அப்பியிருந்தார்கள். ஓர் ஆண்டு நின்றதே பெரிது.

தண்ணீர் எங்கிருந்து?

மீட்டர் சோதனை எல்லோரும் அறிந்தது. வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடி, தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பார்ப்பது. எண் மாறவில்லை. சுவருக்குள் குழாய் ஒழுகவில்லை என்று பலர் இந்த இடத்திலேயே முடிவுகட்டிவிடுகிறார்கள். அது அவசர முடிவு. மிக்ஸரில் இருந்து ஷவர் தலைக்கு ஏறும் குழாயில், மிக்ஸர் மூடியிருக்கும்போது அழுத்தமே இருக்காது. அந்தத் துண்டில் ஓட்டை இருந்தால் குளிக்கும்போது மட்டுமே ஒழுகும். மீட்டர் சோதனையில் சிக்காது.

எனவே ஷவர் தலையைக் கழற்றி, குழாய் முனையை மூடியால் அடைத்து, மிக்ஸரின் குளிர்நீர்ப் பக்கத்தைத் திறந்து வைத்து, மறுபடி மீட்டரைப் பார்த்தோம். இப்போது அந்த ஏறுகுழாயும் அழுத்தத்தில் இருந்தது. எண் அசையவில்லை. குழாய் நல்ல நிலையில் இருக்கிறது என்று சொல்ல இப்போதுதான் ஆதாரம் கிடைத்தது.

அடுத்தது தெளிப்புச் சோதனை. டைல் விழுந்த குழியை விளக்கடித்துப் பார்க்க ஒருவர், கைஷவருடன் ஒருவர். ஒரு நேரத்தில் ஓர் இடத்தை மட்டும் நனைக்க வேண்டும். கீழிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். மேலே நனைத்தால் வழியும் நீர் கீழே உள்ள எல்லா ஓட்டைகளுக்கும் போய்க் குழப்பிவிடும். தரையும் சுவரும் சேரும் கோட்டை முதலில் நனைத்தோம். குழியில் மாற்றம் இல்லை. பிறகு அடி வரிசைகளின் இடைவெளிகளை. லேசான கருமை படர்ந்தது, அவ்வளவுதான். மிக்ஸரின் இரண்டு வட்டத் தகடுகளைச் சுற்றி நனைத்தவுடன், சிறிது நேரத்திலேயே குழியின் மேல்விளிம்பில் இருந்து தண்ணீர் கோடாக இறங்கியது.

தகட்டைக் கழற்றினோம். குழாய்க்காக டைலில் வெட்டிய துளை, குழாயைவிட இரண்டு மடங்கு அகலம். வட்டமாக வெட்டாமல் உடைத்து எடுத்திருந்தார்கள். அந்த இடைவெளியை அடைக்கவே இல்லை. பளபளப்பான தகடு அதை மறைத்திருந்ததே ஒழிய, நீரைத் தடுக்கவில்லை. எட்டு ஆண்டுகள் ஒவ்வொரு குளியலிலும் அந்தத் துளை வழியாகச் சிறிது தண்ணீர் உள்ளே போய், உருண்டைகளுக்கு இடையே இருந்த வெற்றிடங்களில் வழிந்து, பூச்சை ஊறவைத்திருக்கிறது.

இப்போது எதிர்ச் சுவரை நினைத்துப் பாருங்கள். அதே கையால், அதே முறையில், அதே கலவையில் ஒட்டியது. அங்கும் உருண்டை, அங்கும் வெற்றிடம். அதனால்தான் பொக்கு ஒலி. ஆனால் அங்கே தண்ணீர் உள்ளே போக வழியில்லை, டைல்கள் நிற்கின்றன. உருண்டை வைத்து ஒட்டியது சுவரைப் பலவீனமாக்கியது. தண்ணீர் அதைக் கீழே தள்ளியது. ஷவர் சுவரை மட்டும் பார்த்திருந்தால் இரண்டில் எது காரணம் என்று இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது.

மூன்றாவதாக ஒரு துணைக் காரணமும் இருந்தது. சுவர் மூலைகளிலும், தரை சேரும் கோட்டிலும் வளையாத சிமெண்ட் கலவையையே நிரப்பியிருந்தார்கள். வெந்நீர் படும்போது டைல் விரியும். ஒன்றரை மீட்டர் அகலச் சுவரில் 25 டிகிரி வெப்பம் கூடினால் விரிவு கால் மில்லிமீட்டர் அளவில் வரும். நீரை அதிகம் உறிஞ்சும் சுவர் டைல்கள், அதாவது ஐஎஸ்ஓ 13006 தரத்தின்படி எடையில் 10 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சுபவை, ஈரத்தால் ஆண்டுகள் போகப்போகவும் சற்றே விரியும். விரிய இடமில்லாத டைல் ஒட்டில் இருந்து பிதுங்கப் பார்க்கும். நன்றாகப் பிடித்திருக்கும் டைல் அதைத் தாங்கிக்கொள்ளும். ஐந்து உருண்டைகளில் நிற்கும் டைலால் முடியாது.

எதை எடுப்பது, எதை விடுவது

மகன் ஒரு வழி சொன்னார்: இடைவெளியில் சிறு துளை போட்டு, ஊசிமருந்துக் குழல் மூலம் எபாக்சி என்னும் இறுகும் பசையைச் செலுத்தி டைலைக் கழற்றாமலே பிடிக்க வைப்பது. உலர்ந்த தரையில், டைலுக்கும் கலவைக்கும் நடுவே மெல்லிய பிரிவு மட்டும் இருக்கும்போது அது பயன்படும். இங்கே சுவர் ஈரம், வெற்றிடமோ விரல் கனம். செலுத்தும் எபாக்சி புவியீர்ப்பில் கீழே வழிந்து அடியில் தேங்கும், உதிரும் பூச்சையும் அது திருத்தாது. வேண்டாம் என்றேன்.

பதினொரு டைல்களையும் எடுப்பது, எதிர்ச் சுவரில் ஒன்றையும் தொடாமல் விடுவது என்று முடிவாயிற்று. பொக்கு ஒலி மட்டும் ஒரு டைலை உடைக்கப் போதுமான காரணம் ஆகாது என்பது என் உறுதியான கருத்து. அசைவு, விரிசல், ஈரம் மூன்றும் இல்லாதபோது, அதை எடுக்கப் போய் அக்கம்பக்கத்து நல்ல டைல்களைத் தளர்த்திவிடும் அபாயம்தான் மிகுதி.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக, ஆனால் அழுத்தமாகச் சொல்கிறேன். உடையும் மெருகுச் சில்லு கண்ணாடியைப் போல வெட்டும். கண்ணைக் காக்கும் மூக்குக்கண்ணாடியும் தடித்த கையுறையும் கட்டாயம். பழைய கலவையை உடைக்கும் தூசியில் படிகச் சிலிக்கா இருக்கிறது, அது நுரையீரலைக் கெடுப்பது. என்95 தரத்துக்குக் குறையாத முகமூடி போட்டு, இடத்தை ஈரப்படுத்திக்கொண்டே செதுக்க வேண்டும். உலர்ந்த தூசியைத் துடைப்பத்தால் கூட்டக் கூடாது. அந்தச் சுவரில் வெந்நீர்க் கலனுக்கு மின்கம்பி போனால் மின்சாரத்தை நிறுத்திவிட்டே உளியை எடுக்க வேண்டும். மிகப் பழைய வீடுகளில் டைலுக்குப் பின்னால் சாம்பல் நிறப் பலகை தெரிந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். உடைக்காமல் நிறுத்தி, பரிசோதித்த பின்பே தொடர வேண்டும்.

டைலை எடுப்பதில் இரகசியம் ஒன்றுதான்: முதலில் சுற்றியுள்ள இடைவெளிக் கலவையை முழுவதும் சுரண்டி எடுத்துவிடுவது. அதைச் செய்யாமல் நெம்பினால் அதிர்ச்சி அடுத்த டைலுக்குப் போகும். உளியை ஏற்கெனவே காலியான குழியின் பக்கத்தில் இருந்து, சுவரோடு படியும் அளவு சாய்த்து, மெல்லத் தட்டினார்கள். முன்பே விழுந்த இரண்டு டைல்களும் மூலை உடைந்திருந்தன. எடுக்கும்போது ஒன்று உடைந்தது. பரணில் இருந்த ஐந்தில் மூன்று அந்த இடத்துக்குப் போதும்.

பிறகு காத்திருப்பு. இந்தக் கட்டத்தில்தான் பலர் பொறுமை இழக்கிறார்கள். உதிரும் பூச்சைக் கெட்டியான அடுக்கு வரும்வரை சுரண்டி எடுத்து, கதவைத் திறந்து வைத்து, மின்விசிறி ஓடவிட்டோம். அந்தக் குளியலறையில் யாரும் குளிக்கவில்லை. சுவர் உலர்ந்ததா என்று கண்ணால் சொல்ல முடியாது. தெளிவான பிளாஸ்டிக் தாள் ஒன்றைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் நாடா ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பார்க்க வேண்டும். தாளின் உட்புறம் நீர்த்துளி கோத்தால் உள்ளே இன்னும் ஓதம் இருக்கிறது. முதல் சோதனையில் முத்து முத்தாகக் கோத்திருந்தது. பல வாரங்கள் கழித்துத்தான் தாள் உலர்ந்து வந்தது.

மறுபடி கட்டிய வரிசை

பழைய உருண்டைகளின் கனம் 12 மி.மீ. அவற்றைச் செதுக்கி எடுத்தபின் டைலின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே அதே 12 மி.மீ. இடைவெளி நிற்கும். சாதாரண டைல் பசையை அவ்வளவு கனமாக ஒரே தடவையில் அப்ப முடியாது. சுருங்கும், டைலும் வழுக்கும். ஆகையால் கணக்கு இப்படிப் போட்டோம்: 7 மி.மீ. புதுப் பூச்சு, 1 மி.மீ. நீர்த்தடுப்பு, 4 மி.மீ. பசை.

பூச்சுக்குச் சிமெண்ட் ஒரு பங்கு, சலித்த மணல் நான்கு பங்கு, பிடிமானத்துக்குப் பாலிமர் திரவம். பழைய சுவரைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, தூசி தட்டி, நனைத்து, சிமெண்ட் பால் பூசி, அது காய்வதற்குள் கலவையை ஏற்றினார்கள். சுற்றியிருந்த நல்ல டைல்களின் முகத்தில் நேரான பலகையை வைத்து இழுத்து ஆழத்தைச் சரிபார்த்தார்கள். உரிமையாளரின் கை இதில் என் எதிர்பார்ப்பைவிட நேராக இருந்தது. சில நாட்கள் நீர் தெளித்துப் பதப்படுத்தி, மறுபடி உலரவிட்டு, மீண்டும் அதே பிளாஸ்டிக் தாள்.

நீர்த்தடுப்புப் பூச்சை இரண்டு தடவை, முதல் தடவை படுக்கையாக, இரண்டாவது நிமிர்ந்த வாக்கில் பூசினார்கள். மூலையிலும் தரை சேருமிடத்திலும் வலைத்துணி நாடாவை ஈரப் பூச்சில் பதித்தார்கள். குழாய்கள் வெளிவரும் இடத்தில் ரப்பர் வளையம். இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சுவரின் ஒரு பகுதிக்கு மட்டும் போடும் நீர்த்தடுப்பு அந்தப் பகுதியைத்தான் காக்கும். மேலே உள்ள இரண்டு வரிசைகளுக்குப் பின்னால் எதுவும் இல்லை. அங்கே எதிர்காலத்தில் இடைவெளிக் கலவை விரிசல் விட்டால் நீர் அதன் வழியே வரும். முழுச் சுவரையும் உரிக்காமல் இதற்குத் தீர்வு இல்லை. அவருக்கு அது தேவைப்படவில்லை. மேல் வரிசைகள் கெட்டியாக இருந்தன.

இப்போது, அவர் முதலில் கேட்ட பசை. ஐஎஸ்ஓ 13007 தரத்தில் சிமெண்ட் பசைகள் சி1, சி2 என்று பிரிக்கப்படுகின்றன. சி1 ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 0.5 நியூட்டன் இழுவிசை தாங்க வேண்டும். சி2 அதைப்போல இரு மடங்கு. பக்கத்தில் டி என்ற எழுத்து இருந்தால் செங்குத்துச் சுவரில் டைல் வழுக்காது. இ என்றால் பசை விரித்த பிறகு டைல் வைக்கக் கூடுதல் நேரம், வழக்கமான 20 நிமிடத்துக்குப் பதில் 30. முதன்முறை செய்பவர்களின் வேகத்துக்கு இந்த இரண்டு எழுத்துகளும் மிகவும் உதவும். சி2டிஇ வாங்கச் சொன்னேன்.

பையில் எழுதிய அளவு தண்ணீரில் பொடியைப் போட்டுக் கலக்கி, ஐந்து நிமிடம் ஓயவிட்டு, மறுபடி கலக்க வேண்டும். இறுக ஆரம்பித்த பசையில் தண்ணீர் ஊற்றித் தளர்த்தவே கூடாது. கையில் இளகியதாகத் தெரியும், பிடிமானம் போயிருக்கும். டைலை ஊறவைப்பது பழைய சிமெண்ட் கலவைக்கு உரிய பழக்கம், இந்தப் பசைக்கு அது தேவையில்லை. பழைய டைல்களின் முதுகில் இருந்த உருண்டைகளைச் செதுக்கி, துடைத்து, உலர்த்தி வைத்திருந்தார்கள்.

பல் வெட்டிய கரண்டியால் சுவரில் பசையை ஒரே திசையில் நேர் கோடுகளாக இழுத்து, டைலின் முதுகிலும் மெல்லியதாக ஒரு பூச்சு தேய்த்து, வைத்து, கோடுகளுக்குக் குறுக்காக முன்னும் பின்னும் அசைத்து அழுத்த வேண்டும். அப்போது கோடுகள் சரிந்து நடுவே உள்ள காற்று வெளியேறும். வட்ட வட்டமாக இழுத்தால் காற்று உள்ளே சிக்கிக்கொள்ளும். முதல் டைலை ஒட்டியவுடன் மறுபடி பெயர்த்துப் பார்க்கச் சொன்னேன். இரண்டு மூலைகளில் பசை படவில்லை. கரண்டியைச் சற்று நிமிர்த்திப் பிடித்துக் கோடுகளை உயரமாக்கியதும் அடுத்த டைலின் முதுகு முழுவதும் நிறைந்தது. ஒட்டிய டைலைப் பிடுங்க யாருக்கும் மனம் வராது. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று அறிய வேறு வழி இல்லை.

அடி வரிசையைத் தரையில் இருந்து சிறு ஆப்புகளில் நிறுத்தி, ரசமட்டம் பார்த்து, மேல்நோக்கி ஏறினார்கள். இடைவெளி மாறாமல் காக்கும் 2 மி.மீ. ஸ்பேசர் துண்டுகள் போட்டு, மேல் டைல்கள் இறங்காமல் காகித நாடாவால் பழைய டைல்களோடு பிடித்து வைத்தார்கள். மிக்ஸர் வரிசையின் இரண்டு டைல்களைப் பரணில் இருந்ததில் எடுத்து, வட்டத் துளைக்கருவியால் குழாயைச் சுற்றிச் சில மில்லிமீட்டரே இடம் விட்டுத் துளைத்தார்கள்.

ஒரு முழு நாள் கழித்து இடைவெளிகளை நிரப்பினார்கள். 2 மி.மீ. என்பதால் மணல் கலக்காத நுண்பொடிக் கலவை. மூலைகளிலும் தரை சேரும் கோட்டிலும் அந்தக் கலவை ஒரு துளியும் போகக் கூடாது. அங்கே வளைந்துகொடுக்கும் சிலிக்கோன் மட்டும். உங்கள் சுவரில் பழைய சிலிக்கோன் இருந்தால் அதன் மேல் புதியது ஒட்டாது, ஆகவே மிச்சம் இருப்பதை முற்றிலும் வழித்தெடுத்து உலரவிட வேண்டும். குழாய்க்கும் டைல் துளைக்கும் நடுவே இருந்த வளையம் முழுவதும் சிலிக்கோன் நிரப்பி, அதன்பிறகு தகட்டைப் பொருத்தி, தகட்டின் மேலும் பக்கமும் மட்டும் கோடு இழுத்தார்கள். கீழ்ப்பக்கம் திறந்திருக்கட்டும் என்றேன். எப்போதாவது உள்ளே நீர் வந்தால் அது தகட்டின் அடியில் சொட்டி உங்களுக்குத் தெரிய வேண்டும், சுவருக்குள் ஒளிந்துகொள்ளக் கூடாது.

ஓராண்டுக்குப் பின்

ஓராண்டு கழித்து இரண்டு சுவர்களையும் மறுபடி தட்டினோம். புதிதாக ஒட்டிய பதினொன்றும் கெட்டியாக ஒலித்தன, தரையோரம் ஒரு டைலின் மூலையில் மட்டும் சிறிய பொக்கு. அசைவோ உப்போ இல்லை. கைஷவரால் தகடுகளைச் சுற்றி நனைத்தோம். அடியில் ஒரு சொட்டும் வரவில்லை. மூலைச் சிலிக்கோன் ஓரிடத்தில் சோப்பு படிந்து கறுத்து, விளிம்பு லேசாகத் தூக்கியிருந்தது. அதை அன்றே வெட்டி எடுத்துப் புதிதாகப் போட்டார் உரிமையாளர். சிலிக்கோன் நிரந்தரம் இல்லை. டைல் நிற்க வேண்டுமானால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இதை மாற்றியே ஆக வேண்டும்.

எதிர்ச் சுவரில் அதே ஒன்பது டைல்கள், அதே பொக்கு ஒலி. பத்தாவது சேரவில்லை. முந்தைய ஆண்டின் சுண்ணக்கட்டிக் குறிகளை மகன் கைபேசியில் படமெடுத்து வைத்திருந்ததால் ஒப்பிட முடிந்தது. அந்தச் சுவரில் இடைவெளிக் கோட்டில் முடியளவு விரிசல் தெரிந்தாலோ, பொக்கு ஒலி பக்கத்து டைலுக்குப் பரவினாலோ, அவற்றையும் இதே வரிசையில் எடுத்துக் கட்ட வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். அதுவரை அவை அங்கேயே இருக்கட்டும்.